மூட்டைப்பூச்சிக்கு மூன்றாவது கால்பேக்

1. போன்

திங்கட்கிழமை காலை எங்கள் பூச்சி மருந்துக் கம்பெனி மேனேஜர் கூப்பிட்டார். மார்த்தாண்டத்துக்காரர். என்னைவிட இருபது வயது இளையவர், காலேஜில் பூச்சிகளைப் பற்றியே படித்தவர். நான் எட்டாம் கிளாஸோடு நின்றவன். இருந்தாலும் என்னிடம் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். அன்றைக்கு அது கொஞ்சம் குறைந்திருந்தது.

“அண்ணாச்சி, கோட்டை வீட்டுல இருந்து மறுபடியும் கூப்பிட்டாச்சு. இது மூணாவது கால்பேக். நீங்க அங்க மருந்து அடிச்சீங்களா, பன்னீர் தெளிச்சீங்களா?”

கால்பேக் என்றால், வேலையை முடித்துவிட்டு வந்த வீட்டில் பூச்சி திரும்பி வந்து, நாம் மறுபடி போகிறது. கரப்பானுக்கு எப்போதாவது ஒன்று வரும். சிதலுக்கு வருஷத்தில் ஒன்று வந்தால் அதிகம். சிதல் என்று இங்கே சொல்வது கரையானைத்தான். ஒரே வீட்டுக்கு மூன்று கால்பேக் என்பது திருவனந்தபுரத்தில் இத்தனை வருஷத்தில் எனக்கு நடந்ததே இல்லை.

நான் இயல்பிலேயே பயந்த ஆள். ஆயிரம் தடவை கலக்கின மருந்தானாலும் லேபிளை வாசிக்காமல் கலக்க மாட்டேன். வீட்டுக்குப் போனால் பின்வாசலில் உடுப்பைக் கழற்றிக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பேன். இவ்வளவு கவனமாக இருக்கிறவனுக்கு இப்படி ஆனால் எரிச்சல் வருமா வராதா?

2. அந்த வீட்டின் கண்டிஷன்கள்

வீடு, பெரிய கோயிலைச் சுற்றின கோட்டைக்குள்ளே, அக்ரஹாரத் தெருவில். வரிசை வீடு, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், மொட்டை மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மாமியும் மாமாவும் மட்டும்தான் இருக்கிறார்கள். மாமா தலைமைச் செயலகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகள் விஜி, பாலக்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது, இப்போது ஏழு மாதக் கர்ப்பம். வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரர்கள் அவளைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

முதல் தடவை போனபோதே மாமி வாசலில் தடுத்தார்.

“வண்டியை ஏன் இங்க நிறுத்தினேள்? அதுல இத்தாம் பெரிய பூச்சி படம் போட்டிருக்கு. குளத்தண்டை கொண்டு நிறுத்திட்டு வாங்கோ. யாராவது கேட்டா சிதலுக்கு மருந்து அடிக்கிறதுன்னு சொல்லுங்கோ.”

சிதல் கௌரவமான பூச்சி. பழைய தேக்கு, பழைய உத்திரம் இருக்கிற வீட்டுக்குத்தானே சிதல் வரும். மூட்டைப்பூச்சி வந்தால் வீடு அழுக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அதற்குப் படுத்துத் தூங்குகிற மனிதன் வேண்டும், ஒளிந்துகொள்ள ஒரு இடுக்கு வேண்டும், அவ்வளவுதான். இதைச் சொன்னேன். மாமி கேட்கவில்லை. ஸ்டீம் மெஷினைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துத் தெரு முழுக்க நடந்தோம்.

என்னோடு வேலை செய்கிற ஷிபு மலையோரத்து விதுராக்காரன். மலையாளமும் தமிழும் கலந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தான். “அண்ணா, இவருக்கு மூட்டை போணும். பக்ஷே மூட்டை உண்டுன்னு நம்மளே அறியக்கூடாது.”

உள்ளே போய்ப் பார்த்தால், நாங்கள் வருவதற்கு முன்னாலேயே மாமி சொந்தமாக வைத்தியம் பார்த்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னார்கள் என்று கட்டில் முழுக்க மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் வாடைக்குப் பூச்சி சாகாது, சிதறும். கட்டிலில் கடிக்கிறது என்று மாமா ஹாலில் ஈசிசேருக்கு மாறியிருக்கிறார். படுக்கிற இடத்தை மாற்றினால் அதுவும் பின்னாலேயே வரும். ஒரு அறையில் இருந்தது இரண்டு அறையாகிவிட்டது. இதை எத்தனை வீட்டில்தான் சொல்வது? தொண்டை வற்றினதுதான் மிச்சம்.

பிறகு வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம். மெத்தையின் தையல் மடிப்பு, கட்டில் மூட்டு, சுவரில் ஆணி அடித்த ஓட்டை, சுவிட்ச் போர்டின் பின்பக்கம் எல்லாம் ஸ்டீம். சுவரோரமும் இடுக்குகளிலும் மட்டும் மருந்து. முட்டையை மருந்து தொடாது, அது பொரிந்து வருகிறதைப் பிடிக்கப் பதினைந்தாம் நாள் மறுபடியும். துணிகளை வெந்நீரில் போடச் சொன்னேன், போட்டார்கள். பூச்சி மருந்தைத் தாண்டி வரட்டும் என்று மாமாவை மறுபடியும் கட்டிலிலேயே படுக்கச் சொன்னேன்.

“அப்ப நான் தூண்டில் புழுவாக்கும்” என்றார் மாமா. ஆனாலும் படுத்தார்.

படுக்கை அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, பூட்டியிருந்தது. கேட்டதற்கு மாமி, “அது சாமான் உள். பாத்திரம்தான் கிடக்கு. சாவி வலியசாலையில எங்க அண்ணாகிட்ட” என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அக்ரஹாரத்து வீட்டில் பூட்டின அறையைத் திற என்று அழுத்திக் கேட்க எனக்குப் பயம். பூஜை சாமான் இருக்கும், நாம் தொட்டால் தப்பாகிவிடும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சும்மா இருந்தது. பிறகு முதல் கால்பேக். அதற்கப்புறம் இரண்டாவது. ஒவ்வொரு தடவையும் அதே வேலை. ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் அமைதி, பிறகு மாமாவின் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்பு.

3. வாசப்படி

மூன்றாவது கால்பேக்குக்குப் போனபோது மாமி முகம் கடுகடு என்று இருந்தது. காபியும் கிடையாது. நேரே மாமாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்கோ. வெள்ளிக்கிழமை அவா வரா. சம்பந்தி மாமி என் பொண்ணு கையில ஒரு தடிப்புப் பாத்தான்னு வெச்சுக்கோங்கோ, அன்னிக்கு வண்டியிலேயே திருப்பிக் கூட்டிண்டு போயிடுவா. முதல் பிரசவம் என் ஆத்துல நடக்காது. அப்பறம் நீங்க மருந்து அடிச்சு என்ன, அடிக்காட்டா என்ன?”

தரையில் குப்புறப் படுத்து டார்ச்சை அடித்துச் சுவரோரமாக அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். மூட்டைப்பூச்சி போகிற வழியில் பேனா மை சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளி இருக்கும். அதன் எச்சம். கட்டில் பக்கம் புள்ளி குறைவு. பூட்டின அறையின் கதவுப் பக்கம் போகப் போக அதிகம். வாசப்படிக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள சந்தில் கறுத்துத் திட்டாகவே இருந்தது. ஷிபுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் படுத்துப் பார்த்தான். இந்த வீட்டுக்கு நான்கு தடவை வந்திருக்கிறேன், இந்தப் படியைக் குனிந்து பார்க்கவில்லையே என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

“மாமி, இந்த அறையைத் திறக்கணும்.”

“சாவி அண்ணாகிட்டன்னு சொன்னேனோல்லியோ.”

“ஆட்டோவுல போனா பத்து நிமிஷம். ஷிபு போய் வாங்கிட்டு வருவான்.”

“அண்ணா ஊர்ல இல்லை.”

“அப்ப பூட்டை உடைக்கணும்.”

“நன்னாயிருக்கே. ஆத்துப் பூட்டை உடைக்கவா உங்களைக் கூப்பிட்டேன்? அங்க ஒண்ணும் இல்லை. பாத்திரத்தை மூட்டை கடிக்குமோ?”

நான் எழுந்து நின்றேன். கஸ்டமரிடம் சத்தமாகப் பேசினவன் இல்லை நான். “மாமி, நான் இப்ப இங்க மருந்து அடிச்சா அடுத்த மாசம் நாலாவது கால்பேக்குக்கு வரணும். அப்ப பிள்ளைத்தாச்சி இந்தக் கட்டில்ல படுத்திருக்கும். அடிக்கவும் முடியாது. இந்தக் கதவு திறக்காம மெஷினை ஆன் பண்ண மாட்டேன். மேனேஜர்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க.”

மாமா பேப்பரை மடித்து வைத்தார். “சொல்லிடேன்டீ. இவர் போய் ஊர்ல சொல்லப் போறாரா?”

“நீங்க சும்மா இருங்கோ.”

“நான் சும்மாதான் இருக்கேன். மூட்டைதான் சும்மா இருக்க மாட்டேங்கிறது.”

மாமி என்னைப் பார்த்தார், ஷிபுவைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே பாத்திரம் இருந்தது, உண்மைதான். நடுவில் பழைய பட்டுப் புடவை போட்டு மூடி ஒரு மரத் தொட்டில்.

4. தொட்டில்

அந்தத் தெருவில் அது ஒரு வழக்கம். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் இந்தத் தொட்டில்தான். நாலு மூலையிலும் கிளி செதுக்கினது. ஒரு வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும். அதில் கிடந்த குழந்தைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை. கடைசியாக நாலு வீடு தள்ளி ராஜி என்கிற பெண் வீட்டில் இருந்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்து பெங்களூர் போனார்கள். அப்போது வாங்கி வைக்காவிட்டால் வேறு யார் வீட்டுக்காவது போய்விடும் என்று மாமி எடுத்து வந்துவிட்டார்.

ஆனால் குழந்தை பிறப்பதற்கு முன்னால் காலித் தொட்டிலை வீட்டில் வைக்கக் கூடாது. அபசகுனம். அதனால்தான் பூட்டு. பெற்ற மகளுக்கே தெரியாது.

நான் தொட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கயிறு கோர்க்கிற ஓட்டையிலும் கிளியின் கழுத்து மடிப்பிலும் ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. அதுதான் தலைமையகம். நாங்கள் கட்டிலைச் சுத்தம் செய்யச் செய்ய இங்கிருந்து கதவுச் சந்து வழியாகப் புது ஆள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

மாமி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். “இதுலயா என் பேரக்குழந்தையைக் கிடத்த இருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

பாவமாக இருந்தது. அதே சமயம், இரண்டு மாதம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. இந்த அறையையும் சேர்த்து இன்றைக்கு ஒரு தடவை, பதினைந்தாம் நாள் ஒரு தடவை, அதற்கு அப்புறம் ஒரு வாரம் பார்க்க வேண்டும். அது வரைக்கும் விஜி வரக் கூடாது. இரண்டு, குழந்தை கிடக்கிற தொட்டிலில் மருந்து அடிக்க மாட்டேன். கழற்றி மூட்டு மூட்டாக ஸ்டீம் அடித்து, கறுப்பு பிளாஸ்டிக்கில் கட்டி மொட்டை மாடியில் நல்ல வெயிலில் நாள் கணக்காகப் போட வேண்டும்.

“மாடியிலா? தெருவே பாக்குமே.”

“பாக்கும் மாமி.”

மாமி தரையிலிருந்து எழுந்தார். பிறகு மாமி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். எங்கள் முன்னாலேயே பேசினார். “விஜி, வெள்ளிக்கிழமை வர வேண்டாம்டீ. ஆத்துல மூட்டைப்பூச்சி. ஆமா, மூட்டைப்பூச்சிதான். உங்க மாமியார்கிட்ட அப்படியே சொல்லு. சிதல்னு சொல்லாதே.” அந்தப் பக்கம் மகள் என்னவோ நிறையக் கேட்டாள். மாமி எல்லாவற்றுக்கும் ஆமா, ஆமா என்றே சொல்லிவிட்டுப் போனை வைத்தார். “இனி அவா விட்டா வருவா” என்றார்.

தொட்டிலை மாடிக்குத் தூக்கினோம். பிளாஸ்டிக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து மாடியில் வடாம் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மாமி எட்டிப் பார்த்தார்.

“என்னதிது, தொட்டில் மாதிரி இருக்கு?”

“தொட்டிலேதான். உள்ள மூட்டைப்பூச்சி. இது போன வருஷம் உங்காத்துலயும் இருந்ததோல்லியோ, நீங்களும் பாத்துக்கோங்கோ” என்றார் எங்கள் மாமி. குரலைத் தாழ்த்தவில்லை.

அந்த மாமி வடாத்தை ஒன்று ஒன்றாகத் திருப்பிப் போட்டார். பிறகு கைப்பிடிச் சுவர் அருகில் வந்து மெதுவாக, “இவா நம்பர் இருக்கா?” என்றார்.

அந்த மாதம் அதே தெருவில் ஐந்து வீடு செய்தோம். ஐந்தும் அந்தத் தொட்டில் போன வீடுகள். எல்லாரும் சொந்தமாக மண்ணெண்ணெய் அடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் சொறிந்துகொண்டிருந்தவர்கள்.

5. பிறகு

விஜி மூன்று வாரம் தாமதமாக வந்தாள். சம்பந்தி மாமி கட்டில் மூலையைத் தானே தூக்கிப் பார்த்தாராம். ஒன்றும் இல்லை. பெண் குழந்தை பிறந்தது.

தொட்டில் போடுகிற அன்றைக்குக் காலையில் மாமி எனக்குப் போன் செய்தார். “நீங்க வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போனாத்தான் கிடத்துவேன்.” போனேன். ஹால் நிறையச் சொந்தக்காரர்கள், மந்திரம் சொல்ல வந்த வாத்தியார், நடுவில் தொட்டில். நான் யூனிஃபார்மோடு மண்டியிட்டு ஒவ்வொரு மூட்டாக டார்ச் அடித்தேன். முடித்துவிட்டு எழுந்தேன். மனசு கேட்கவில்லை, மறுபடியும் உட்கார்ந்து முதலில் இருந்து பார்த்தேன்.

வாத்தியார் வாட்சைப் பார்த்தார். “முகூர்த்தம் போயிண்டிருக்கு, கேட்டேளா.”

“போட்டும். அவர் பாத்து முடிக்கட்டும்” என்றார் மாமி.

முடித்தேன். குழந்தையைக் கிடத்தினார்கள். கிளியைப் பார்த்துக் கையை ஆட்டியது.

நான் படித்துக்கொண்டது இதுதான். இரண்டு கால்பேக் மாமியின் கணக்கில் என்றால் ஒன்று என் கணக்கில், ஏனென்றால் முதல் நாளே அந்தக் கதவைத் திறக்கச் சொல்லாதவன் நான். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டிலைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். கடைசியாக இந்த வீட்டுக்குள் வந்த பழைய மரச் சாமான் எது, யார் வீட்டில் இருந்து வந்தது. ஒன்றும் இல்லை என்று சட்டென்று சொன்னால், பூட்டின அறை எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பேன். திட்டுவார்கள். திட்டட்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அந்த அறையைத் திறந்த பிறகு மெஷினை இறக்குங்கள்.