என் குரலுக்குக் கிடைத்த வேலை

இந்த வயதில் எனக்கு வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், பல்செட் கழன்று விழுகிற அளவுக்குச் சிரித்திருப்பேன். ஆனால் கிடைத்தது. அதுவும் டீச்சர் வேலை. மூன்றாம் வகுப்பைக்கூட முழுசாகத் தாண்டாதவள் நான். சரியாகச் சொல்லப்போனால் வேலை எனக்கு இல்லை, என் குரலுக்கு.

என் மருமகள் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு டியூஷன் சென்டரில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். கீழே பூக்கடை, மாடியில் வகுப்பு. என் மகன் ஜூரோங் கப்பல் பட்டறையில் முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டோடு வந்து படுத்த பிறகு, எங்கள் அடுப்பு எரிந்தது அவள் தொண்டையால்தான். அந்தத் தொண்டையும் கெட்டுக்கொண்டே வந்தது. டாக்டர் குறைத்துப் பேசச் சொன்னார். டீச்சரைக் குறைத்துப் பேசச் சொல்வது, பஸ் டிரைவரைக் குறைத்து உட்காரச் சொல்வது மாதிரி.

ஜூன் லீவுக்கு முன்னால் சென்டர் முதலாளியம்மா டீச்சர்களை எல்லாம் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். ஏஐயை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று சனிக்கிழமைகளில் சொல்லித்தருவார்களாம். கடைசி நாளில் ஆளுக்கொரு பாடம் தயார் செய்து காட்ட வேண்டுமாம்.

"நல்லா செய்றவங்களுக்குத்தான் அடுத்த வருஷம் கான்ட்ராக்ட்டுன்னு சொல்லிட்டாங்க அத்தை" என்றாள் மருமகள்.

"இல்லன்னா?"

"வீட்டுல உங்க பக்கத்துல உட்கார்ந்து சீரியல் பாக்க வேண்டியதுதான்."

"அப்ப தயவுசெஞ்சு பாஸ் பண்ணிடும்மா. ரிமோட் ஒண்ணுதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை தலைவலியோடு வந்தாள். பயிற்சி கொடுக்கிற தம்பி நல்லவர்தான், ஆனால் வேகமாகப் பேசுகிறாராம். கேள்வித்தாள் எழுத வைப்பது, கட்டுரை எழுத வைப்பது, படம் போட வைப்பது எல்லாம் காட்டினாராம். வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்த்தாள். ஏஐ எழுதிய கட்டுரையை அச்செடுத்து, சிவப்புப் பேனாவை எடுத்து, வரிவரியாகத் திருத்தி, அடியில் 'நல்ல முயற்சி' என்று எழுதினாள்.

"யாருகிட்ட திருப்பிக் குடுக்கப் போற?" என்று கேட்டேன்.

பேனாவை மூடினாள். "பழக்கம் அத்தை."

அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றையும் செய்தது. தப்பைப் பார்த்தால் விட்டுவிட்டுப் போகத் தெரியாத கை அது.

அவள் செய்து காட்ட நினைத்தது ஒரு பேச்சுத் துணை. ஓரல் பரீட்சையில் பிள்ளைகள் படத்தைப் பார்த்துத் தமிழில் பேச வேண்டும் இல்லையா, அதற்குப் பழக்குகிற பெட்டி. பெட்டி கேள்வி கேட்கும், பிள்ளை பதில் சொல்லும், பெட்டி அடுத்ததைக் கேட்கும். ஆனால் அது செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசியது. பிள்ளைகள் போலீஸ் விசாரணைக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்து உட்கார்ந்தார்களாம். நம் குரலையே பதிந்து அதற்குக் கொடுக்கலாம் என்று பயிற்சித் தம்பி சொன்னார். இவளுக்கோ கொடுக்கக் குரல் இல்லை. அதனால் என் முகத்துக்கு நேரே போனை வைத்துவிட்டாள்.

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினேன். மீன் விலை, பஸ்ஸில் போடுகிற ஏர்கான், மாடி வீட்டுக்காரி குழம்பில் உப்பு. என்னைப் பேசச் சொல்லிக் கேட்டவர்கள் என் வாழ்க்கையிலேயே யாரும் இல்லை. நிறுத்தத்தான் சொல்வார்கள். அந்த வாரம் மகாராணி மாதிரி இருந்தேன்.

என் குரல் போதுமான அளவு சேர்ந்ததும் மருமகள் பெட்டிக்குத் தன் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பிள்ளையையும்.

"இந்தப் பையன்கிட்ட தப்புன்னு சொல்லவே கூடாது, அழுதுடுவான். 'பரவால்ல, அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு கேக்கணும். நம்ம ரெண்டு வீடு தள்ளி இருக்கே அந்தப் பொண்ணு, அவ வாயே தொறக்க மாட்டா. தாத்தாவைப் பத்திக் கேட்டா மட்டும் கொட்டுவா. அதை முதல் கேள்வியா வச்சுட்டேன்."

'பரவால்ல, அப்புறம் என்ன ஆச்சு' அவளுக்கே பிடித்துப்போய் எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "உன் வேலைய முழுசா அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டியே. பாத்துக்க, நாளைக்கு அது வந்து என் ரிமோட்டைக் கேக்கும்."

"அது கரண்டி மாதிரி அத்தை. கரண்டி தானா சமைக்காது. கிளாஸ்ல அப்படித்தான் சொன்னாங்க."

கடைசி சனிக்கிழமை என்னையும் எம்ஆர்டி ரயிலில் கூட்டிப் போனாள். குரல் கொடுத்தவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம். நல்ல சேலை கட்டிக்கொண்டு போய், அத்தனை டீச்சர்கள் முன்னால் மைக்கைப் பிடித்து, "சம்மதம். சம்பளம் எவ்வளவு லா?" என்றேன். ஹாலே சிரித்தது. பெட்டியும் என் குரலில் எல்லோரையும் சாப்பிட்டாச்சா என்று கேட்டது. கை தட்டினார்கள். முதலாளியம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆன்ட்டி, இனிமே நீங்கதான் எங்க சென்டரோட குரல்."

வந்திருந்த பாடங்களில் மருமகளுடையதுதான் சிறந்தது என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததே இல்லை.

வருஷக் கடைசியில் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கை கழுவினாள்.

"ஓரல் கிளாஸுக்கு இனிமே ஆள் வேணாமாம். பிள்ளைங்க பெட்டிகிட்டயே நல்லா பேசுதுங்களாம். மத்த வகுப்பை இருக்குற டீச்சரே பாத்துக்குவாங்களாம்."

"நல்லா செஞ்சா கான்ட்ராக்ட்டுன்னாங்களே?"

"ரொம்ப நல்லா செஞ்சுட்டேன் அத்தை."

"நீ செஞ்சதுதானே, திருப்பி வாங்கிட்டு வா."

"சென்டர் அக்கவுன்ட்ல செஞ்சது. அவங்களோடது."

"என் குரலு?"

"நீங்கதான் சம்மதம்னு சொன்னீங்களே."

உள்ளே படுத்திருந்த என் மகன் என்ன என்று கேட்டான். நான் ரிமோட்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். டிவியைப் போடவில்லை.

இப்போது அவள் ஜூரோங்கில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் சாப்பாடு பொட்டலம் கட்டுகிறாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். அங்கே பேச வேண்டியதே இல்லை. தொண்டை நன்றாக ஆகிவிட்டது.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில், இரண்டு வீடு தள்ளி இருக்கிற பெண்ணின் தாத்தா போய்விட்டார். நானும் மருமகளும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அந்தப் பெண் அழவும் இல்லை, பேசவும் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் நானும் மருமகளும் காய்கறிப் பையோடு காரிடாரில் வந்துகொண்டிருந்தோம். அந்தப் பெண் வாசலில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

"வா கண்ணு, சாப்ட்டியா? தாத்தா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காரு" என்றாள் அந்தப் பெண். "காலைல பிராட்டா கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"அழகா சொன்னே லா. தாத்தா என்ன சாப்ட்டாரு?"

"ரெண்டு பிராட்டா. ஒண்ணு முட்டை போட்டது."

மருமகளின் கையிலிருந்த பை கீழே இறங்கியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், செத்துட்டாருன்னு ஒரு தடவை சொன்னேன். 'பரவால்ல, அப்புறம் என்ன ஆச்சு?'ன்னு கேட்டுச்சு." என்னைப் பார்த்தாள். "பாட்டி குரல்ல கேட்டுச்சு. அதனால இப்பல்லாம் நல்லா இருக்காருன்னு சொல்லிடறேன்."

எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கெட்ட பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். என் குரலே வாங்கித் தந்த இந்தப் பெயருக்கு என்ன கொடுப்பது?

மருமகள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "உனக்கு இப்ப வேற எதைப் பத்திப் பேசப் புடிக்கும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் செருப்பு அலமாரிக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காட்டினாள். அதில் ஓர் ஆமை. கையளவு இருக்கும்.

கீழே எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அடியில் இருக்கிற கல்மேசையில் போய் உட்கார்ந்தோம். மருமகள் போனைத் திறந்தாள். சென்டரில் இன்னும் பாஸ்வேர்டை மாற்றவில்லை. முதல் கேள்வியில் தாத்தாவை எடுத்துவிட்டு ஆமையைப் போட்டாள். யாராவது செத்துப்போனதாகப் பிள்ளை சொன்னால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சேர்த்தாள். அதை மட்டும் எழுதி எழுதி அழித்தாள்.

"ஏன், அவ அம்மாவைப் பத்திக் கேக்க வைக்கலாமே?" என்றேன்.

"ஆமை ரொம்ப வருஷம் இருக்கும் அத்தை. அடுத்த தடவை என்னால உள்ள போக முடியுமோ என்னவோ."

"சம்பளம் குடுக்காதவங்களுக்கு வேலை பாக்குறியேம்மா."

"நீங்களும்தானே பாக்குறீங்க."

நல்ல பதில். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அடுத்த வாரம் பாஸ்வேர்டு மாறிவிட்டது. முதலாளியம்மாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். மற்ற பிள்ளைகளுக்கு அவள் முதலில் எழுதி வைத்த கேள்விதான் இன்றைக்கும் இருக்கும். யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறதோ, என் குரல் எந்த வீட்டில் யாரை நலம் விசாரித்துக்கொண்டிருக்கிறதோ, எங்களுக்குத் தெரியாது.

எனக்குத் தெரிவது, என் குரல் விசாரிக்கிற அந்த ஆமை இருக்கிற தொட்டி ஒன்றுதான். தினமும் சாயங்காலம் அந்த வாசலில் நின்று குனிந்து பார்க்கிறேன். தண்ணீர் கலங்கியிருந்தால் மாற்றச் சொல்கிறேன். சில நாள் அது ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கும். விரலால் மெதுவாகத் தட்டுவேன். வெளியே எட்டிப் பார்க்கும் வரைக்கும் நான் அங்கிருந்து நகர்வதில்லை.