என் வயலை டிகிரேடட் என்று எழுதியவர்கள்

நாலு ஏக்கர் களர் மண்ணை நெல் விளையும் மண்ணாக்கினேன். இரண்டு பர்லாங் தூரத்துக்கு வடிகால் வெட்டினேன். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு குட்டை தோண்டினேன். மாடி வீடு கட்டினேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்களின் மகன் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு மாடு ஓட்டப் போனவன். அதிராம்பட்டினத்துக் கடல் காற்று அடிக்கிற கடைமடையில், காவிரித் தண்ணீர் வந்தால் வரும் வராவிட்டால் இல்லை என்கிற இடத்தில் இதையெல்லாம் செய்தேன். உப்பங்காட்டை விலை கொடுத்து வாங்குகிறான் பார் என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் பிறகு என் வீட்டில்தான் விதைநெல் வாங்கினார்கள். பெருமைக்காகத்தான் இதை எழுதுகிறேன். செய்தவன் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் கெட்டுப்போனதைச் சொல்கிற இங்கிலீஷ் மட்டும் எல்லாம் வரும். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஊரில் ஆட்கள் அதிகம். மோட்டார் பார்க்க வந்தவன் காயில் வீக் என்றான். ஆபீஸ் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமலே சர்வர் டவுன் என்றார். கடைக்காரர் பிசினஸ் டல் என்றார். தஞ்சாவூர் டாக்டர் என் முட்டியின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து டிஜெனரேஷன் என்றார். இந்தச் சொற்களுக்கெல்லாம் ஒரு குணம் உண்டு. சொல்பவனின் கை அழுக்காகாது. மண் கெட்டுப்போச்சு என்றால், யார் கெடுத்தது, யார் சரி பண்ணுவது என்று கேட்பார்கள். டிகிரேடட் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

நான் முட்டிக்காகத் தஞ்சாவூர் போயிருந்த ஒரு வைகாசி நாளில், கடைமடை வயல்களில் எது நெல்லுக்குத் தகுதி, எது தகுதி இல்லை என்று பார்க்க வேளாண்மை ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்திருக்கிறார்கள். என் வயலைக் காட்டியவன் என் தம்பி. அவனுடைய இரண்டு ஏக்கர் எனக்கு அடுத்த வரப்பு. அதில் அவன் ஒரு நாளும் வியர்வை சிந்தியதில்லை. அதை இறால் குட்டைக்குக் குத்தகைக்கு விட வேண்டும் என்பது அவன் ஆசை. பக்கத்தில் விளைகிற நெல் வயல் இருந்தால் அதற்கு அனுமதி கிடையாது. என் வயலும் தகுதியில்லை என்று ஆகிவிட்டால் அவனுக்கு வழி திறந்துவிடும். குட்டையில் கட்டுகிற உப்புத் தண்ணீர் கசிந்தால் என் முப்பது வருஷத்து வேலை ஒரே கோடையில் போய்விடும்.

ரிப்போர்ட் நகலோடு தம்பி வீட்டுக்கே வந்தான்.

"அண்ணே, என் வயலும் டிகிரேடட். உங்க வயலும் டிகிரேடட். பொறந்ததுலேர்ந்து இப்பதான் நாம ரெண்டு பேரும் சமமாயிருக்கோம்."

"டிகிரேடட்னா என்னடா?"

"இருந்த தரம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

"நான் வாங்கும்போது ஆடு கூட வாய் வைக்காது. என்ன தரம் இருந்துச்சு, இப்ப போறதுக்கு?"

அவன் காபியைக் குடித்தான்.

மறுநாள் காலையில் வயலுக்குப் போய்ப் பார்த்தேன். மண் எடுத்த குழிகள் வடிகால் மூலையில் இருந்தன. அந்த மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் களர் மண்ணின் மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். அதை மண்வெட்டியால் வழித்துக் கூடையில் அள்ளி ஒரே மூலையில் கொட்டுவோம். ஐப்பசி மழையைக் கட்டி நிறுத்தி, கலக்கி, வடிகாலில் விடுவோம். பிறகு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழுவோம். வருஷா வருஷம் இதே வேலை. முப்பது கோடையின் உப்பு அந்த மூலையில் மேடாகக் கிடக்கிறது. படித்த பிள்ளைகள் நாலு ஏக்கரை விட்டுவிட்டு அந்த மேட்டில்தான் மண் அள்ளியிருக்கிறார்கள்.

ஆபீசுக்குப் போனேன். என் இளைய மகள் வயதில் ஒரு பெண் அதிகாரி இருந்தார்.

"ரிப்போர்ட் மேல போயிடுச்சுங்கய்யா."

"போகட்டும்மா. ஒரு வீட்டுக் குப்பைத்தொட்டியை மோந்து பாத்துட்டு, அந்த வீட்டுச் சமையல் ஊசிப்போச்சுன்னு எழுதுவீங்களா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் மண் எடுத்த இடம் குறித்திருந்த படத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "வண்டி நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே எடுத்திருக்காங்கய்யா. அன்னைக்கு வெயில் அதிகம்."

"அந்த வெயில்லதாம்மா நாங்க உப்பு வழிச்சோம்."

அடுத்த வாரம் அவரே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் நடந்தார். ஐந்து இடத்தில் குழி வெட்டி மண் எடுத்தார். ஆபீசில் இருந்தவர்களில் நான் மதிக்கிற ஒரே ஆள் அவர். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, "உப்பு இல்லை" என்று நான் முன்கூட்டியே சொன்னேன். அவர்களுடைய மெஷின் அதைச் சொல்ல இருபது நாள் ஆயிற்று.

டிகிரேடட் என்பதை அடித்துவிட்டார்கள். இறால் குட்டைக்கு அனுமதி கிடைக்கவில்லை. தம்பி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அதனால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் புது ரிப்போர்ட்டைப் படித்துக்கொண்டே வந்த என் மூத்த மகள் ஓரிடத்தில் நிறுத்தினாள். மண் தேறியதற்குக் காரணம் எழுதுகிற கட்டத்தில் 'நேச்சுரல் ரிகவரி' என்று போட்டிருந்தது.

"அப்படின்னா?"

"தானா தேறிடுச்சுன்னு அர்த்தம்பா."

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி குரல் கொடுத்தாள்: "ஆமாம், எல்லாம் தானாதான் தேறிச்சு. உங்க முட்டியும் தானாதான் தேய்ஞ்சுது."

கெட்டதைச் சொல்ல வீக், டல், டவுன் என்று படிக்குப் படி சொல் வைத்திருக்கிறார்கள். ஒருவன் குனிந்து தூக்கி நிறுத்தினான் என்று எழுதும்போது மட்டும் இவர்களுக்கு இங்கிலீஷ் தீர்ந்துவிடுகிறது. பழியை யார் மேலும் போடாமல் விட்டவர்கள் பெருமையை மட்டும் இயற்கை மேல் போட்டுவிட்டார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் வயலும் அதே கடல் காற்றில், அதே மழையில்தான் கிடக்கிறது. அது ஏன் தானாகத் தேறவில்லை?

ஆபீசுக்கு மூன்று மனு கொடுத்துவிட்டேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன். அந்தக் கட்டத்தில் இருக்கிற இரண்டு சொல்லையும் அடியுங்கள். இந்த மண்ணைத் தேற்றியவன் என்று என் பெயரை எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். உப்புக் கூடையில் பாதியைச் சுமந்தவள் என் மனைவி. அவள் பெயரையும் போடுங்கள், என் பெயருக்குக் கீழே.