பட்டியலில் பதினேழாவது பிழை

பெரில் ஹாலம் ‘மில்கேட்’ தொலைக்காட்சித் தொடரில் இருபத்தேழு வருடம் நடித்தார். அதில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. முதலில் திரையில் வந்தது 1996 மார்ச் 14. கடைசியாக வந்தது 2023 நவம்பர் 23. இடையில் மொத்தம் 1,318 பகுதிகள். இந்தக் கணக்கு என் குறிப்பேடுகளில் மட்டும்தான் இருக்கிறது.

தொடரில் எல்லோரும் கூடும் மதுக்கடையில் வலது மூலை மேசை அவருடையது. முன்னால் இருப்பவர்கள் வசனம் பேசும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. அவருக்கு எதிரில் வில்ஃப் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் உட்காருவார். இருவரும் சத்தமில்லாமல் நிஜமாகவே பேசிக்கொள்வார்களாம். கணவர் ரெஜ்ஜுக்கு நுரையீரலில் கட்டி என்று பெரில் முதன்முதலில் சொன்னது வில்ஃபிடம்தான், ஒரு கல்யாண விருந்துக் காட்சியில். அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்தால் வில்ஃப் கோப்பையைக் கீழே வைப்பது தெரியும். 2011இல் வில்ஃப் இறந்த பிறகு எதிர் நாற்காலிக்கு யார் யாரோ வந்தார்கள். பெரில் அங்கேயே இருந்தார்.

உடுப்பு அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். பெரில் எப்போதும் தன் பச்சைக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போவார். இங்கிலாந்தில் எங்கள் ஊரான ரோச்டேலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். படப்பிடிப்பு நாட்களில் விடுப்பு எடுப்பார்.

வியாழன்தோறும் மதியம் இரண்டு மணிக்கு, பெரிலையும் சேர்த்து, தொடரின் ரசிகர்கள் நாங்கள் எட்டுப் பேர் ஊர் கிளப்பின் மாடி அறையில் கூடுவோம். தொடர் வாரத்தில் சில நாள் வரும்; அதில் புதன்கிழமைப் பகுதியை யாரும் வீட்டில் பார்த்துவிட்டு வரக்கூடாது. சேர்ந்து பார்த்து, பிறகு சண்டை போட வேண்டும். பெரிலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு இருந்தது. வரப்போகும் கதையை வெளியில் சொல்வதில்லை என்று ஸ்டூடியோவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

“ஏ பெரில், மதுக்கடை எலைன் மறுபடி கல்யாணம் பண்ணிக்குறாளா? தலையை மட்டும் ஆட்டு, போதும்,” என்பான் டெரிக். பழைய பஸ் டிரைவர். எங்கள் கூட்டத்துக்குத் தலைவன் என்று தன்னையே சொல்லிக்கொள்பவன்.

“டீயைக் குடி டெரிக், ஆறிப்போகுது,” என்பார் பெரில். ஒரு தடவைகூடத் தலையாட்டியதில்லை.

2023 செப்டம்பரில் தொடரில் ஒரு டிராம் விபத்தைக் காட்டினார்கள். அக்டோபர் 12ஆம் தேதி கூட்டத்தில் எல்லோருக்கும் பொறுமை போயிருந்தது.

“ஒரே தெரு. அஞ்சு வருஷத்துல பதினோரு கொலை, ரெண்டு தீ விபத்து, இப்ப டிராம். அந்தத் தெருவுல எவன்யா வீடு வாங்குவான்?” என்றான் டெரிக்.

“முன்னாடியெல்லாம் ரொட்டிக்கடையை விக்கலாமா வேண்டாமான்னு ஆறு மாசம் ஓட்டுவாங்க. நகம் கடிச்சுக்கிட்டுப் பாப்போம்,” என்றாள் முடிதிருத்தும் கடை வைத்திருந்த பாலின். “இப்ப கொலைகாரன் ரெண்டு வாரம் வர்றான், பேரு மனசுல நிக்கிறதுக்குள்ள செத்துப்போறான்.”

“எழுதறவனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். போன வாரக் கதையே அவனுக்குத் தெரியாது,” என்றார் இன்னொருவர்.

“அப்ப தெரிய வைப்போம். ஆர்னல்ட், உன் பட்டியலை எடு,” என்றான் டெரிக் என்னிடம்.

எடுத்தேன். நான் குடிநீர்த் துறையில் முப்பத்தெட்டு வருடம் ஏரி மட்டம் குறித்தவன். அந்த ஆண்டு தொடரில் வந்த முன்னுக்குப் பின் முரண்களை நாற்பத்தோரு பிழைகளாகத் தொகுத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினேழாவது இது: செப்டம்பர் 13ஆம் தேதிப் பகுதியில் பச்சைக் கோட்டுப் பெண் டிராமின் கடைசிப் பெட்டியில் ஏறுகிறாள். அந்தப் பெட்டியில் யாரும் பிழைக்கவில்லை என்று போலீஸ்காரர் சொல்கிறார். இடிபாட்டில் பச்சைக் கோட்டின் கையும் தெரிகிறது. எட்டு நாள் கழித்து அதே பெண் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“செத்த பொணம் பியர் குடிக்குது பார்,” என்றான் டெரிக். “பெரில், உனக்கு ஆட்சேபனை இருந்தா சொல்லிடும்மா, அடிச்சிடலாம்.”

பெரில் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, “நடந்தது அதுதானே. அன்னைக்கு ஆள் குறைஞ்சதுன்னு என்னை ஏத்திவிட்டாங்க. எழுதுங்க,” என்றார்.

பட்டியலோடு ஸ்டூடியோவுக்குக் கடிதம் மறுநாள் தபாலில் போனது. நவம்பரில் பதில் வந்தது. உங்களைப் போன்ற கூர்மையான ரசிகர்களால்தான் தொடர் வாழ்கிறது, முடிந்தவற்றைச் சரிசெய்வோம் என்று எழுதியிருந்தார்கள். டெரிக் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். கடிதம் போனதிலிருந்தே படப்பிடிப்புக்கு அழைப்பு வரவில்லை என்பதைப் பெரில் எங்களிடம் சொல்லவில்லை.

2024 ஜனவரி 18, வியாழன். முந்தைய நாள் பகுதியைப் போட்டோம். மதுக்கடை. மூலை மேசை காலி. கடைக்காரி எலைன் அதைத் துடைத்துக்கொண்டே, “இங்க ஒரு அம்மா உக்காருவாங்களே, பச்சைக் கோட்டு. அவங்களும் அந்த டிராம்லதானாம்,” என்றாள்.

“அப்படியா? பேரென்ன அவங்களுக்கு?” என்றான் கோப்பை கழுவுகிறவன்.

“தெரியலையே. கேட்டதே இல்லை.”

டெரிக் மேசையைத் தட்டினான். “கேட்டாங்கய்யா! நம்ம பேச்சைக் கேட்டுட்டாங்க! பதினேழாம் நம்பர்!” பாலின் கை தட்டினாள். நானும் தட்டினேன். ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினோம். பெரில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்காங்க,” என்றார். “இந்த வருஷத்துல இதுதான் நல்ல காட்சி.”

“பெரில்...” என்றாள் பாலின்.

“இந்தக் காட்சியில எனக்கு ஒரு வசனம் இருந்தது. செப்டம்பர்லயே தாள் குடுத்துட்டாங்க. ‘மழை வலுத்திருச்சு, எலைன், கதவைச் சாத்து.’ அஞ்சு வார்த்தை. நவம்பர் கடைசியில எடுக்கறதா இருந்தது.”

“அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!” என்றான் டெரிக்.

“கையெழுத்துப் போட்டிருந்தேனே. உனக்குச் சொன்னா ரோச்டேல் முழுக்கச் சொன்ன மாதிரி.”

டெரிக் என் பக்கம் திரும்பினான். “அந்த ஒண்ணை விட்டிருந்தா என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? நாப்பது பிழை போதாதா உனக்கு?”

“பிழை நிஜம்தான். மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன்,” என்றேன்.

“அவரை எதுக்குத் திட்டறே? சரியாத்தான் எழுதினார்,” என்றார் பெரில். என் பையைக் காட்டி, “ஆர்னல்ட், தொண்ணூத்தாறாம் வருஷத்து நோட்டு அதுல இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. சண்டை வந்தால் சரிபார்க்கப் பழைய நோட்டுகளையும் கொண்டுபோவேன். மார்ச் 14ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ‘மூலை மேசை: பச்சைக் கோட்டு (பெண்)’ என்று இருந்தது. அவர் பக்கங்களைப் புரட்டினார். அடுத்த நோட்டைக் கேட்டார். அதற்கு அடுத்ததையும் கேட்டார்.

“என் பேரு எங்க?”

“பகுதி முடிவுல ஓடற நடிகர் பட்டியல்ல பேரு வராதவங்களை நான் பேரு போட்டு எழுதறதில்லை, பெரில். தொடக்கத்துல இருந்தே அதுதான் முறை.”

“வாராவாரம் உங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேன்,” என்றார். நோட்டுகளை அடுக்கி என் முன்னால் வைத்தார். பச்சைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். படியில் இறங்குகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. டெரிக் இரண்டு தடவை போன் செய்தான். எடுக்கவில்லை. சட்டம் போட்ட கடிதம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

அவர் எழுந்து போன அன்று மாலை வீட்டில் அந்தப் பகுதிக்கான குறிப்பை எழுதினேன். ‘மூலை மேசை: காலி.’ பக்கத்தில் பெரில் ஹாலம் என்று எழுதத் தாராளமாக இடமிருந்தது. ஆனால் அந்தப் பகுதியில் அவர் வரவில்லை.