சீனி கலந்த வட்டிலப்பம்

படத்துக்கு மேலேயே விலையைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். அதற்குக் கீழே வந்து "விலை என்ன?" என்று கேட்பார்கள். சொன்னால், "சரி, அறிவிக்கிறேன்" என்று பதில் வரும். அப்படிச் சொன்னவர்களில் ஒருவரும் இன்றுவரை எதையும் அறிவிக்கவில்லை. வட்டிலப்பம் விற்கிற என் பேஸ்புக் பேஜின் முதல் வருடம் இப்படித்தான் போனது.

பாலாவியில் எங்கள் வீட்டுக் குசினியில்தான் வேலை. கித்துள் மரத்துக் கருப்பட்டி, கெட்டித் தேங்காய்ப்பால், முட்டை, ஏலக்காய், முந்திரிக் கஜு. இதில் ஒன்றைக் குறைத்தாலும் என் நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். கலப்பில்லாத கருப்பட்டி இன்று விற்கிற விலைக்கு நான் கேட்டது நியாயம். ஆனால் "யானை விலை சொல்றீங்களே தாத்தா" என்று, எங்கள் ஊரில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே உரிமையோடு எழுதிவிட்டு, சீனியும் பால்மாவும் போட்டு அவிக்கிற இன்னொரு பேஜுக்குப் போனார்கள்.

என் கணவர் உப்பு லொறி ஓட்டுகிறார். லொறி ஓட்டுகிறவருக்கு எல்லா யாவாரமும் தெரியும்.

"சனம் விலையத்தான் பாக்கும். மலிவா ஒண்டு போடு, கூடின விலையில ஒண்டு போடு. விருப்பமானத எடுக்கட்டும்," என்றார்.

போட்டேன். பாதி கருப்பட்டி, பாதி சீனி, நிறத்துக்குக் கொஞ்சம் கருக்கிய சீனிப்பாகு. ருசி மோசமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி, விற்கிற பொருளின் குறையை மறைப்பது ஹராம் என்று சின்ன வயதிலிருந்து ஓதி வளர்ந்தவள் நான். கடையில் ஸ்டிக்கர் அச்சடித்து எடுத்து வந்தேன். ஒன்றில் "ஸ்பெஷல் – தனிக் கித்துள் கருப்பட்டி." மற்றதில் "சாதா – சீனி கலந்தது." ஒவ்வொரு கோப்பையின் மூடியிலும் ஒட்டிவிட்டு, என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

நோன்பு மாதம் பாதி போனதும் ஓடர்கள் கொட்டின. எல்லாம் சாதா. ஆசைப்பட்டுத் தொடங்கியது ஸ்பெஷல், முதுகை ஒடித்தது சாதா. வெறுத்துப் போய்த்தான் முட்டை அடித்தேன். ஆனாலும் பேஜ் ஓடியது.

யாவாரக்காரியாக யோசித்த நான் எங்கள் ஊர்க்காரியாக யோசிக்க மறந்துவிட்டேன். பெருநாள் வட்டிலப்பத்தை வாங்குகிறவர் தின்பதில்லை. அது தட்டில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போகும். அதுவும் புதிதாக மகளைக் கட்டிக் கொடுத்த வீடென்றால் சம்பந்தி வீட்டுக்குத் தட்டு போயே ஆக வேண்டும். அங்கே மூடியைத் திறக்க முன்பே பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். அந்த வருடம்தான் மகளைக் கற்பிட்டியில் கட்டிக் கொடுத்திருந்தார். சம்பந்தி வீட்டுக்கு நேரே அனுப்பச் சொல்லி ஐந்து சாதா ஓடர் தந்தார். நானும் கழுதை மாதிரி ஸ்டிக்கரை ஒட்டி ஓட்டோவில் ஏற்றிவிட்டேன்.

பெருநாளன்று அஸர் தொழுகைக்குப் பிறகு டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, என்ன வேல பாத்தீங்க? மாப்பிளட உம்மா எல்லாருக்கும் முன்னால அத சத்தமா வாசிச்சிருக்கா. 'சாதா, சீனி கலந்தது. எங்கட பெறுமதி இவ்வளவுதான்' எண்டு. எண்ட மகள் அறைக்குள்ள அழுதிட்டு இரிக்கா."

"டீச்சர், நீங்க கேட்டதத்தானே நான் அனுப்பின."

"ஓம், கேட்டன். அத எழுதி ஒட்டச் சொல்லியா கேட்டன்?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பிள்ளையை நினைத்து விழுங்கிக்கொண்டேன். அவள் என்ன குற்றம் செய்தாள்? அதற்குப் பிறகு மாமியார் அவளிடம் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கோப்பை மூடியை வைத்து அவளைக் கரைச்சலில் மாட்டிவிட்டது நான்தான்.

கதை பரவியது. பிறகு வந்த ஓடர் எல்லாவற்றிலும் ஒரே வரி: "சாதாதான், ஸ்டிக்கர் வேணாம்." முடியாது என்றேன். சீனி கலந்ததைத் தனிக் கருப்பட்டி மாதிரிக் காட்டிக் கொடுக்க என்னால் ஏலாது. ஆட்கள் ஒவ்வொருவராக மற்றப் பேஜுக்குப் போனார்கள். அங்கே ஸ்டிக்கரே கிடையாது.

"ஒரு கடதாசித் துண்டுக்காக யாவாரத்த விடப் போறியா?" என்றார் கணவர்.

அவர் கேட்டதில் பிழையில்லை என்பதுதான் இன்னும் கோபமூட்டியது. ஹஜ்ஜுப் பெருநாளோடு பேஜை மூடிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்க, கற்பிட்டியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தார். ஐந்து வட்டிலப்பம் வேண்டுமாம். அனுப்ப வேண்டிய வீட்டைச் சொன்னார். டீச்சருடைய வீடு. அப்போதுதான் விளங்கியது, பேசுவது மாப்பிள்ளையின் உம்மா. வந்த தட்டுக்குப் பதில் தட்டு போக வேண்டுமே.

"ஸ்பெஷலா, சாதாவா மாமி?" என்று கேட்டேன்.

"சாதா போதும் மகள். அந்த ஸ்டிக்கர மட்டும் ஒட்டாதீங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சத்தமாக வாசித்த அதே வாய்.

"சாதாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டாம நான் அனுப்புறல்ல மாமி. போன பெருநாளைக்கும் ஒட்டித்தான் அனுப்பின. ஒங்களுக்குத் தெரியும்தானே."

இந்த ஓடரும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"அப்ப ஸ்பெஷலே அனுப்புங்க," என்றார். "ஸ்டிக்கர் நல்லாத் தெரியிற மாதிரி ஒட்டுங்க."

அனுப்பினேன். பெருநாளன்று மத்தியானமே டீச்சர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, சம்பந்தி ஸ்பெஷலாப் பாத்து அனுப்பியிரிக்கா. எண்ட மகள எவ்வளவு மதிக்கிறா பாருங்க. மகளும் சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்கிறா."

சம்பந்தி முதலில் கேட்டது சாதா என்பதை அந்தப் பிள்ளைக்காக எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"நாளைக்கு எங்கட வீட்டுக்கு ரெண்டு சாதா அனுப்பி வைங்க. வீட்டுக்கு ஆக்கள் வருவாங்க, ஸ்டிக்கர் வேணாம்."

மறுநாள் காலை இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தேன். இரண்டிலும் சாதா ஸ்டிக்கர் ஒட்டினேன். கோபம் அடங்காமல், ஒவ்வொன்றிலும் இன்னொன்று ஒட்டினேன்.