அழகியமணவாளன் எழுதிய பிரஷர் நோட்டு

"உடனிருப்பவர்: கணவர். வயது 44. எம்.எஸ்ஸி. இயற்பியல். பொறுப்பானவர். ஒத்துழைப்பு மிக நன்று. வீட்டு அளவீடுகளை நம்பலாம்."

மைத்ரேயியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே இப்படி எழுதியிருந்தது. எழுதியவர் நர்ஸ் வியாகுலம்மாள். பாலக்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உண்டு. வியாழக்கிழமைதோறும் பிரசவம், சிறுநீரகம், இருதயம், மயக்க மருந்து, பச்சிளங்குழந்தை என்று ஐந்து டாக்டர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பெண்ணின் கோப்பாகப் பார்ப்பார்கள். ஐந்து பேரும் ஒரே கருத்துக்கு வருவது அபூர்வம். மைத்ரேயியின் கணவர் அருமையான மனிதர் என்பதில் மட்டும் அவர்களுக்குள் பேதமே இருந்ததில்லை.

அழகியமணவாளன் ஸ்ரீரங்கத்துக்காரர். இருபது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் கவனிக்காமல் போனால் கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிறவர். ஆனால் அவருடைய ஆய்வகத்தில் புவியீர்ப்பு ஒரு வருஷம்கூடப் பிசகியதில்லை. ஸ்டாப்வாட்ச் ரிப்பேராகிக் கிடந்த வருஷத்திலும் மாணவர்களின் ரெக்கார்ட் நோட்டில் விடை 9.8-ஐ ஒட்டியே வந்தது. "எல்லா ரீடிங்கும் ஒரே மாதிரி இருக்கப்படாதுடா. ஒண்ணாவது கொஞ்சம் தள்ளிப் போகணும். அப்பதான் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் நம்புவார்" என்று சொல்லிக்கொடுப்பார். இதைப் பொய் என்று அவர் நினைத்ததில்லை. பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தார்.

மைத்ரேயிக்கு முப்பத்தேழு வயது. சிறுநீரகத்தில் கோளாறு. மூன்று வருஷத்துக்கு முன் ஆறாம் மாதத்தில் பிரஷர் எகிறி, குழந்தை தங்கவில்லை. இப்போது முப்பத்து மூன்றாவது வாரம். காலையும் மாலையும் வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதும்படி சொல்லி, பதினைந்து நாள் முன்பு ஒரு மெஷினையும் நோட்டையும் கொடுத்திருந்தார்கள்.

முதல் இரண்டு நாள் ஒழுங்காக அளந்தார். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மெஷின் 152 என்றது. போன தடவைக்குப் பிறகு மைத்ரேயி அந்தத் திரையைப் பார்ப்பதில்லை. கையில் பட்டையைச் சுற்றியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

"எவ்வளவுன்னா?"

"நூத்தி இருபத்தெட்டு."

"அப்பாடா!" என்று கண்ணைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நோட்டில் வேறு எண்ணை எழுத அவருக்குக் கை வரவில்லை. அன்று மாலை பட்டையில் காற்று ஏறிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்திவிட்டார். காற்று புஸ்ஸென்று இறங்கியது. திரையில் எண் எதுவும் வரவில்லை. "நூத்தி இருபத்தாறு" என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அவளுக்காகத்தான் செய்வதாக நினைத்துக்கொண்டார். திரையைப் பார்க்கப் பயந்தது இருவரில் யார் என்ற கேள்வியை அவர் எடுக்கவே இல்லை.

நோட்டு மட்டும் நன்றாக வளர்ந்தது. 124, 128, 122. ரூல் போட்டு, காலைக்கு நீல மை, மாலைக்குப் பச்சை மை. இரண்டாவது வெள்ளிக்கிழமை பழக்கதோஷத்தில் ஒரு 134 வைத்து, ஓரத்தில் 'மதியம் மாவடு' என்று காரணமும் எழுதினார்.

வியாழக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வியாகுலம்மாள், எடமலைப்பட்டி புதூரிலிருந்து மகளைக் கூட்டிவந்த வேலம்மாளைக் கடிந்துகொண்டிருந்தார்.

"என்ன வேலம்மாள் இது? ஒரே நோட்டுல நாலு பேர் கையெழுத்து. குழம்புக் கறை வேற."

"எனக்கு எழுத வராதுங்க சிஸ்டர். தெருவுல யாரு போனாலும் கூப்பிட்டு, மிசின்ல என்னா காட்டுதுன்னு எழுதச் சொல்லிருவேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவருகூட எழுதியிருக்காரு."

"இந்த சார் நோட்டைப் பாருங்க. எப்படி வச்சிருக்கார்!"

வேலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள். "அச்சடிச்ச மாதிரி இருக்குங்களே!" என்றாள். அழகியமணவாளன் மின்விசிறியைப் பார்த்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் மைத்ரேயிக்கு 150 காட்டியிருந்தது. அட்மிட் பண்ணிவிடலாமா என்று சிறுநீரக டாக்டர் கேட்டார். பிரிவின் தலைவி டாக்டர் அறிவுமதி நோட்டை மேஜை நடுவில் விரித்தார்.

"சிலருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சாலே ஏறும். வீட்டுல எவ்வளவு கட்டுப்பாடா இருக்கு பாருங்க. சும்மா உக்காந்து எழுதினா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இதுல ஒரு நாள் நூத்தி முப்பத்தி நாலு. காரணமும் போட்டிருக்கார். நிஜமா அளந்தவங்க நோட்டுதான் இப்படி இருக்கும்."

நால்வரும் தலையசைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் பார்ப்பது என்று முடிவாயிற்று. அறிவுமதி மைத்ரேயியின் பக்கம் திரும்பினார்.

"ஆனா நீங்க மாவடு சாப்பிட்டீங்களாமே மைத்ரேயி? உப்பே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்?"

நான்கு மாதமாக உப்பில்லாத மோர் சாதம் சாப்பிட்டு வருகிறவள் மைத்ரேயி. ஒன்றும் புரியாமல் கணவரைப் பார்த்தாள். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் அவர் எழுதியதைத் தப்பு என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"மன்னிச்சுக்கோங்கோ டாக்டர். ஒண்ணே ஒண்ணுதான். நாக்கு கேக்கலை. இனிமே தொடமாட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ சாப்பிடலை" என்றார் அழகியமணவாளன்.

"என்ன சார்?"

"மாவடுவும் இல்லை, அந்த நூத்தி முப்பத்தி நாலும் இல்லை. மூணாம் நாள் நூத்தம்பத்திரண்டு காட்டித்து. அதுக்கப்பறம் நான் அளக்கவே இல்லை. எல்லாம் நானா எழுதினது."

மயக்க மருந்து டாக்டர் பேனாவை மூடினார்.

அறிவுமதி கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். "பயமா இருந்தா ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்? அதுக்குத்தானே அஞ்சு பேர் உக்காந்திருக்கோம்" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

மைத்ரேயி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நான் கண்ணை மூடிண்டு இருந்தேனேன்னா."

அப்போதே அட்மிட் செய்தார்கள். மாலைக்குள் பிரஷர் 170-ஐத் தாண்டிவிட்டது. நான்காம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ எழுநூறு கிராம். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பேச்சை டாக்டர்கள் அவர் எதிரில் எடுக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார்கள். மைத்ரேயி இப்போது கண்ணைத் திறந்துகொண்டு தானே பிரஷர் பார்த்து, தானே எழுதுகிறாள்.

ஆஸ்பத்திரிக் கோப்பில் எதையும் அடிக்கக் கூடாது என்பது விதி. அதனால் 'வீட்டு அளவீடுகளை நம்பலாம்' என்ற வரி இன்றும் இருக்கிறது.

பதினோரு நாள், இருபத்திரண்டு முறை, அழகியமணவாளன் மனைவியின் பிரஷரை அளக்காமல் நோட்டில் எண் எழுதினார். பிறகு, யாரும் சந்தேகப்படாத இடத்தில், ஐந்து டாக்டர்களும் மனைவியும் இருக்கும்போது அதைச் சொன்னார்.