களியை மென்ற கதை

போன ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளிக்குப் போய் என் தங்கை ராஜத்தை அழவைத்துவிட்டு வந்தேன். காரணம்? ஒரு புத்தகம்!

உணவின் தத்துவம் பற்றிய புத்தகம். லைப்ரரியில் எடுத்தது. முன்னோர் உண்டதை உண்ண வேண்டும், உண்ணும்போது பேசக்கூடாது, ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும்... பஸ்ஸில் படிக்கப் படிக்க எனக்கு ஒரே பரவசம்.

ராஜத்துக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான் ஆகிறது. விருந்தாளிக்கு அரிசிச் சோறு போடுவதுதான் அந்த வீட்டு மரியாதை. நான்தான் "கேழ்வரகுக் களிதான் வேணும்" என்று அடம்பிடித்தேன். முன்னோர் உணவாயிற்றே!

அதுவரை அவள் மாமியார் களிப்பானைப் பக்கமே அவளை விட்டதில்லையாம். "உங்கண்ணன் கேக்கறாரு, நீயே கிண்டு பாக்கலாம்" என்று துடுப்பைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பிறந்த வீட்டில் அம்மா கிண்டிப் போட, சாப்பிட மட்டுமே தெரிந்த பெண். பரீட்சைதான்!

களி உருண்டையும் கீரைக் கடைசலும் வந்தன. நான் வாயை மூடிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

எங்கள் ஜில்லாவில் களியை யாராவது மெல்வார்களா? குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டியதுதான். மென்றால், கட்டி தட்டிவிட்டது என்று அர்த்தம். களி தின்று வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். எல்லாம் புத்தக மயக்கம்.

பதினெட்டு எண்ணும்போது நிமிர்ந்து பார்த்தேன். ராஜத்தின் கண் கலங்கியிருந்தது.

"கட்டியாங்கண்ணா?"

பேசக்கூடாதே! நான் பாவி, 'பொறு' என்று கையை ஆட்டித் தொலைத்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மாமியார் பானையிலிருந்து ஒரு கவளம் கிள்ளி விழுங்கினார். "கட்டி எங்கீங்க தம்பி இருக்குது? வெண்ணெயாட்டம் கிண்டியிருக்கா எம் மருமவ. அவளக் குத்தம் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினேன். புத்தகக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத எழுதுனவரு களி தின்னுருக்காருங்களா?"

உள்ளேயிருந்து ராஜம் களுக்கென்று சிரித்தாள். அப்பாடா! அவள் கொண்டுவந்து வைத்த இன்னொரு உருண்டையை, தொண்டை பொசுங்கப் பொசுங்க, மெல்லாமலே விழுங்கினேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இத்தன நாளும் 'இந்தா புள்ள'ன்னுதான் கூப்பிடுவாங்க. 'எம் மருமவ'ன்னு அத்தை இன்னிக்குத்தான் சொன்னாங்க."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் புத்தகத்தை மறுபடி பிரித்தேன்.

மெல்வதால் வரும் நன்மைகள் என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறது... இதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்!