எடை ஒன்று, மருந்து வேறு

வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்குப் போகிறவர்கள் போதை மருந்து எடுக்கிறார்களா என்று சிறுநீரைப் பரிசோதித்துச் சொல்லும் லேபில், கடலூரில், நான் வேலை செய்கிறேன். சிதம்பரத்தில் அம்மாவோடு இருக்கும் என் தம்பியும் சாம்பிள் கொடுக்க அங்கேதான் வந்தான். சொந்தக்காரர் சாம்பிளை நான் தொடக்கூடாது. கூட வேலை செய்யும், நான் அண்ணன் என்று கூப்பிடும் சீனியர்தான் அதை இயந்திரத்தில் ஓட்டினார். ஓட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே, "டிரமடால் மாரி இருக்குதும்மா" என்றார்.

டிரமடால் வலி மாத்திரை. போதைக்காக விழுங்குகிறவர்களும் உண்டு. எங்கள் மாஸ் ஸ்பெக் இயந்திரம் மருந்தின் மூலக்கூறை எடை போடும், பிறகு அதை உடைத்துத் துண்டுகளையும் எடை போடும். முழுசு 264, துண்டு 58. இரண்டும் பொருந்தின.

சாயங்காலமே பஸ் ஏறினேன். தம்பியை மொட்டை மாடிக்கு இழுத்துப் போய்க் கேட்டேன். சத்தியமாகப் போதைக்கு எதையும் தொட்டதில்லை என்றான். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்றதற்கும் இல்லை என்றான், ஆனால் தலையைக் குனிந்துகொண்டான். பொய் என்று தெரிந்தது. போதைக்காரன் என்று திட்டினேன். கீழே அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் அறைந்திருப்பேன்.

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லி மறுநாள் அண்ணனிடம் கெஞ்சினேன். அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, கட்டியிருக்கும் விதம் மட்டும் வேறு என்று சில மருந்துகள் உண்டு. அவற்றின் எடையில் வித்தியாசமே தெரியாது. சுத்தமான டிரமடாலையும் தம்பியின் சாம்பிளையும் அடுத்தடுத்து ஓட்டி, இன்னும் பலமாக உடைத்துப் பார்த்தார். தம்பியுடையதில் 107 என்று ஒரு துண்டு எழுந்தது. டிரமடாலில் அந்த இடம் காலி.

"பொழச்சான்" என்றார் அண்ணன். எனக்கும் உயிர் வந்தது. அப்படியானால் இது என்ன? அவர் வேறொரு மருந்தை எடுத்து ஓட்டினார். அச்சு அசலாகப் பொருந்தியது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை.

வீட்டில் எல்லோரையும் கேலி பேசிச் சிரிக்க வைக்கிறவன் அவன். பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், பெண் கொடுக்கமாட்டார்கள் என்று மறைத்திருக்கிறான். போதைக்காரன் என்று நான் திட்டியபோதுகூட இந்த மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லையே. நேற்று அவன் வேலை போய்விடுமோ என்றுதான் பயந்தேன்.

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டு, மாத்திரை விஷயம் தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அவன் மெதுவாகக் கேட்டான்:

"கப்பல்ல இந்த மாத்திர கெடைக்கலன்னா, மறுபடியும் அந்த நெனப்பு வருமாக்கா?"

எந்த நினைப்பு என்று நான் கேட்கவில்லை. அம்மா பக்கத்திலேயே இருடா, இதோ வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.